ஆளுக்கு ஒரு வெயிட்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளலாம், நடுவில் கொட்டாவியும் விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு பழைய டிராக்டரின் கதை. இனிக்காது. ஆனாலும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

அக்கா தங்கை இரண்டு பேர். ஊரார் வாயில் அவர்கள் பெரியவள், சின்னவள். அப்பா போன பிறகு சொத்தைப் பிரிக்க மாமா வந்தார். யார் மனமும் நோகக்கூடாது என்று, இரண்டாக இருந்ததையெல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். நாற்காலி ஆளுக்கு ஒன்று, வாளி ஆளுக்கு ஒன்று. டிராக்டர் ஒன்றே ஒன்றுதான். அது பெரியவளுக்கு, பதிலுக்குச் சின்னவளுக்குக் கிணறு. இருவர் நிலத்தையும் பெரியவளே உழுது தரவேண்டும் என்று பேச்சு. பின்சக்கரங்களில் மாட்டுகிற இரும்பு வெயிட்டுகள் அப்போது கழற்றி ஓரமாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் அறுபது கிலோ. "இதுவும் ரெண்டு இருக்கே!" என்றார் மாமா. மாட்டுகிற நாலு நாலு போல்ட்டோடு ஆளுக்கு ஒன்று ஆயிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு முதல் உழவோடு சரி. வெயிட் இல்லாமல் பின்பக்கம் லேசாகிப் போன அந்தக் கிழட்டு வண்டி, சின்னவளின் மேல்நிலத்து மணலில் எப்படியோ கலப்பையை இழுத்தது. கீழ்நிலத்துக் களிமண்ணில் இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றியது. கீழ்நிலம்தான் பெரியவளின் மாடுகளுக்குத் தீவனம். மூன்று வருஷம் அது தரிசாகக் கிடந்ததில் ஐந்து மாடு மூன்றாயிற்று. இந்த வருஷமும் மழைக்கு முன் உழாவிட்டால் மிச்சமும் லாரி ஏறிவிடும். சின்னவளின் வெயிட்டோ, கோழிக்கூண்டின் மூடி பறக்காமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

பெரியவள் வீராப்பை விழுங்கிக்கொண்டு தங்கையிடம் போய்க் கேட்டாள். சின்னவளும் மறுநாள் காலை வெயிட்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

கொட்டகையில் மெக்கானிக் காத்திருந்தார். பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்படாத மனுஷர் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அவசரம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, உத்தரத்துச் சங்கிலியில் வெயிட்டைத் தொங்கவிட்டு, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி, இடது சக்கரத்தில் பெரியவளின் வெயிட்டை முடுக்கினார். பிறகு வலது பக்கம் வந்தார்.

"சின்னக்கா, உங்க நாலு போல்ட்டு?"

சின்னவள் பைக்குள் கையை விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. "இருக்கு. முதல்ல எந்த நிலம்?"

"இதென்னடி கேள்வி?" என்றாள் பெரியவள். "கீழ்நிலத்தை முடிச்சுட்டு நேரா உன்னோடதுக்குத்தான்."

"நீ நேரா வந்த லட்சணத்தைத்தான் மூணு வருஷமா பாக்கறேனே. ஒவ்வொரு தடவையும் மழை பெஞ்சு முடிச்ச பிறகு வந்து சேத்தைக் கலக்கிட்டுப் போனே."

அது உண்மை. உண்மை என்பதால்தான் பெரியவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "அப்பா வண்டியில உனக்கு டிரைவர் வேலை பாக்க நான் பொறக்கலை."

"அப்பா வெயிட்டுல உனக்குக் கூலி வேலை பாக்க நானும் பொறக்கலை."

"அவசரம், வேற போல்ட்டு இல்லையா?"

"இந்தப் பழைய மரைக்குக் கடையில ஏதுங்கக்கா? பட்டறையில கடைஞ்சு வாங்க ரெண்டு நாளாகும்." அவர் வெளியே போய் மேகம் திரண்ட வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு நிலமும் சேந்தாலே நாலு மணி நேர வேலை. பேசியே அதுல பாதியைத் தின்னாச்சு. எனக்கே அவசரம் வந்துடுச்சுன்னா பாத்துக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. 'உன்னுதே முதல்ல' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெரியவளுக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. தொழுவத்தில் மாடு ஒன்று கத்தியதும் காதில் விழுந்தது. வாயில் வந்தது வேறு. "ஜாக்கியை இறக்குங்க. நான் போறேன்."

"ஒத்தை வெயிட்டோட வேண்டாங்கக்கா. கனமில்லாத சக்கரம் சும்மா சுத்திச் சுத்திக் குழி பறிச்சுடும்."

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கீழ்நிலத்துக்குப் போனாள். சின்னவள் பைக்குள் கையோடு நின்றாள்.

முதல் இரண்டு சால் கோணலாக வந்தாலும் வந்தது. மூன்றாவது சாலில் மழை பிடித்துக்கொண்டது. வலது சக்கரம் வழுக்கியது. பெரியவள் பல்லைக் கடித்து ஆக்ஸிலேட்டரை இன்னும் கொடுத்தாள். சக்கரம் சேற்றை வாரி அவள் முதுகில் அடித்தபடி, தன் குழியைத் தானே பறித்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கியது.

சின்னவள் நனைந்தபடி ஓடிவந்தாள், பின்னால் மெக்கானிக். அவள் உள்ளங்கையில் நாலு போல்ட்டும் இருந்தன. "இந்தாக்கா. உன்னுதையே உழு. மாட்டச் சொல்லு."

மெக்கானிக் குனிந்து அச்சைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப மாட்டினா இன்னும் கீழதான் போகும், சின்னக்கா. வண்டி கொட்டகையில நின்னப்பக் குடுத்திருக்கணும்."

"நான் கேட்டேனேடி," என்றாள் பெரியவள், இருக்கையிலிருந்து இறங்காமலே.

"கேட்டே. முதல்ல உன்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

அதுவும் உண்மை. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பருவம் முழுக்க வண்டி அங்கேயே நின்றது. சின்னவளின் நிலத்திலும் இடுப்பளவு முள்செடி. மாடுகளை ஏற்ற லாரி வந்த அன்று, கடைசி மாடு பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெரியவளே அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்து ஏற்றிவிட்டாள். சின்னவள் வேலி வரைக்கும் வந்தாள், உள்ளே வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை. கொட்டகைச் சுவர்மேல் அவள் என்றைக்கோ வைத்துவிட்டுப் போன நாலு போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. பெரியவள் அவற்றை எடுக்கவுமில்லை, தூக்கி எறியவுமில்லை.

அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் ஜோடியாக இருப்பதெல்லாம் ஜோடியாகவே இருக்கட்டும். கேட்கிற வாய்க்கும் கொடுக்கிற கைக்கும் நடுவே மழை வராதிருக்கட்டும். உங்கள் தொழுவமும் அடுப்படியும் என்றைக்கும் நிறைந்திருக்கட்டும்.