இரண்டு அத்தியாயங்களில் ஒரு பள்ளம்

ஜீப்பின் பொனட்டில் வரைபடத்தை விரித்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றி நிஸ்தார் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். எங்கள் லயம் என்றுதான் சொல்ல வேண்டும். ரிவர்ஸ்டன் பாதைக்குக் கீழே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தேன். அம்மா பாப்பம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நிஸ்தார் மாத்தளை டவுன்காரர், மண்ணியல் விரிவுரையாளர். நான் சமூகவியல். பெருமழையில் அக்கம்பக்கத்து மலைகள் சரிந்த பிறகு, இந்தப் பகுதியைப் பற்றி இரண்டு துறையும் சேர்ந்து ஆராய வேண்டுமென்று பல்கலைக்கழகம் எங்களை ஒரே ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தது.

"லயத்துக்கு மேல மலை வெட்டுப்பட்டு ஈக்குது, நிரஞ்சனி. மண் சரியத் தொடங்கின அடையாளம். எல்லாரையும் இங்கயிருந்து எழுப்பத்தான் வேணும்" என்றார்.

எழுப்பி எங்கே அனுப்புவது? பக்கத்துத் தோட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் இன்னும் பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் லயத்துப் பிள்ளை பேசுகிறாள் என்று நினைப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவர் சொல்வது சரியாக இருந்து, நான் குறுக்கே நின்று, அடுத்த மழையில் எல்லாரும் மண்ணுக்கடியில் போனால்?

சேர்ந்து ஆய்வு என்று பெயர்தான். எல்லாரும் கொழுந்து பறிக்கப் போன பிறகு அவர் லயத்து மேட்டில் ஏறுவார். அவர்கள் திரும்பி வந்த பிறகு நான் வீடு வீடாக உட்கார்ந்து கதை கேட்பேன். வழியில் பார்த்தால் கையசைப்போம். அறிக்கையிலும் ஆளுக்கொரு அத்தியாயம். பல்துறைக் கூட்டு முயற்சி என்று நிதி கொடுத்தவர்களிடம் கூசாமல் சொல்லியிருந்தோம்.

மறுநாள் மேட்டுக்கு நானும் வருகிறேன் என்றேன். "எதுக்கு எழுப்புறாங்கன்னு நானும் பாக்கணும்" என்று அம்மாவும் கூடவே ஏறிவிட்டார்.

லயத்துக்கு மேலே, பிறை வடிவில் மலை வெட்டுப்பட்டு, சிவந்த மண் வெளியே தெரிந்தது. "இதுதான்" என்றார் நிஸ்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறுவயதில் எண்ணெய் டின்னோடு நானே வந்து வெட்டிய இடம்.

"சேர், இது நாங்க வெட்டுனது" என்றார் அம்மா. "தீவாளிக்கும் பொங்கலுக்கும் அடுப்பு மெழுக, முன்வாசல் இஸ்தோப்பு மெழுக மண்ணு இங்கதான் எடுப்போம். லயத்துல வீடு இருக்குற வரிசையிலதான் எடமும். ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் கை வைக்க மாட்டாங்க."

அதனால்தான் பள்ளம் ஆழமாகாமல் பிறையாக நீண்டிருந்தது. இந்த வழக்கத்தை நான் என் அத்தியாயத்தின் பண்டிகைப் பகுதியில் எழுதியிருந்தேன். அது மலையில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும் என்று எழுதத் தோன்றவில்லை. அவர் பள்ளத்தை எழுதியிருந்தார், யார் வெட்டியது என்று கேட்கத் தோன்றவில்லை. நிஸ்தார் மண்டியிட்டு மண்வெட்டித் தடங்களைத் தடவிப் பார்த்தார். உடனே நம்பிவிடவில்லை.

"மழைக்குப் பொறகு லயத்துல எங்கயாவது சுவர் வெடிச்சிச்சா? கதவு இறுகிச்சா?" என்று கேட்டார்.

பிள்ளை மடுவத்துக் கதவு மூடவே முடியவில்லை என்று அங்கே பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார் என்னிடம் அலுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்தின் அலட்சியம் என்று எழுதி, அழகாக ஒரு பந்தி வளர்த்திருந்தேன். சொன்னதும் அவர் சறுக்கிக்கொண்டு கீழே ஓடினார். மடுவத்துக்குப் பின்னால், மானாப்புல் மறைத்திருந்த இடத்தில் நிலம் வாய் பிளந்திருந்தது. அன்றே பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினோம்.

பிறகு எல்லா இடத்திலும் முளையடித்து, அடுத்த மழை முழுவதும் அளந்தார். மடுவத்து முளைகள் நகர்ந்தன. லயத்துக்கு மேலே அடித்தவை அப்படியே நின்றன.

"லயத்த எழுப்பத் தேவல்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னாலேயே அழுதேன், வெட்கமாகக்கூட இல்லை.

"ஆனா இனி மேல மண் வெட்ட வேணாம். வெட்டிக்கொண்டே போனா அதுவும் ஒரு நாளைக்குச் சரியும்."

"அப்ப பொங்கலுக்கு எதுல மெழுகுறது, சேர்?" என்றார் அம்மா.

நிஸ்தார் ஓடைப் பக்கம் இறங்கி, வெவ்வேறு இடங்களில் தோண்டி மூன்று பிடி மண் கொண்டுவந்தார். அம்மா ஒவ்வொன்றையும் குழைத்து, வீட்டு வெளிச்சுவரில் உள்ளங்கையகலத்துக்குப் பூசினார். எது நல்லது என்று கேட்டேன்.

"காயட்டும், எது வெடிக்குதுன்னு பாப்போம்" என்றார் அம்மா.

மூன்று பேரும் சுவருக்கு முன்னால் குந்தியிருந்தோம். முதல் பூச்சின் ஓரம் மெல்ல வெளுக்கத் தொடங்கியது. நிஸ்தார் இன்னும் கிட்டப் போய், மூக்கு சுவரில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.