சிவப்புக் கட்டங்கள்

அந்த வீட்டில் குக்கர் விசிலடிக்கக்கூட நேரம் குறித்திருந்தது. குறித்தது சமைக்கிறவள் இல்லை, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர். வீட்டிலிருந்தே வேலை, கை நிறையச் சம்பளம். தன் ஆபீஸ் காலண்டரை மனைவியின் போனிலும் தெரியும்படி வைத்துக் கொடுத்திருந்தார். சிவப்புக் கட்டம் என்றால் மீட்டிங், மூச்சு விடக் கூடாது. வெள்ளை என்றால் மிக்சி போடலாம், தும்மலாம். இரண்டு வருடமாக அவள் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்த உள்ளறை முன்பு அவளுடையது. மோட்டார் வைத்த தையல் மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டுகள், காலில் மிதிபடும் துணித்துண்டுகள் என்று அது ஒரு தனி ராஜ்ஜியம். அவள் தைத்த பள்ளிச் சீருடையை ஒரு வீட்டில் அண்ணன் போட்டுக் கழித்த பிறகு தம்பி போடுவான், தையல் விடாது. “மைக்ல உன் மெஷின் சத்தம்தான் கேக்குதாம், கிளையன்ட் சிரிக்கிறான்” என்று கணவர் ஒருநாள் வந்து நின்றார். “கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா, நம்ம நல்லதுக்குத்தானே?” என்று கெஞ்சவும் செய்தார். அவள் மெஷினைப் பழைய போர்வையால் மூடி பால்கனி மூலைக்குத் தள்ளினாள். இப்போது அதன்மேல் துணி காய்கிறது.

ஏழு வயது மகள் நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டாள். போன வாரம் அவளுடைய டீச்சர், “வாசிக்கச் சொன்னா ரகசியம் சொல்ற மாதிரி வாசிக்கிறா. வீட்ல ரொம்ப மிரட்டுறீங்களா?” என்று கேட்டார். சுருக்கென்றது. கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு ஒரு பள்ளிக்கூடத்து கிளார்க் போன் செய்தார்.

“ரெண்டு வருஷமா யூனிஃபார்ம் ஆர்டர் வேண்டாம்னுட்டீங்க. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் உங்க தையல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மூணு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும், அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“சொல்றேன் சார்” என்றாள். இந்தத் தடவையும் விட்டால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மெஷின் ஓட்ட நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும், எப்படியாவது முடித்துவிடுவாள். போனை எடுத்து வெள்ளைக் கட்டம் தேடினாள். மாதம் முழுக்கச் சிவப்பு. தள்ளிக்கொண்டே போனபோது கட்டைவிரல் ஒரு கட்டத்தில் அழுந்திவிட்டது. இதுவரை எந்தக் கட்டத்தையும் அவள் திறந்து பார்த்ததில்லை. அது திறந்தது.

ஆர்க்கிடெக்சர் ரிவ்யூ. பதினொன்று முதல் ஒன்று வரை. கூப்பிட்டவர் அவள் கணவர். கலந்துகொள்பவர்கள் ஒருவர். அந்த ஒருவரும் அவரேதான்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. ஆள் எண்ணத் தெரியும். அடுத்த கட்டத்தைத் திறந்தாள், ஒருவர். அதற்கடுத்தது, ஒருவர். திங்கட்கிழமை அரைமணி நேரத்தில் மட்டும் ஒன்பது பேர் இருந்தார்கள். பின்னோக்கிப் போனாள். மெஷினை நகர்த்திய பிறகு வந்த முதல் மூன்று மாதம் எல்லாம் நிஜம், ஐந்தாறு பெயர்கள். பிறகு தனிக்கச்சேரி. மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்து, தோளில் போட்டுக்கொண்டு அவள் தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடிய மத்தியானத்தையும் தேடிப் பிடித்தாள். ‘அர்ஜென்ட் கிளையன்ட் கால்’ என்று இருந்தது. அதிலும் ஒரே ஆள்.

இனி இந்த ஆளை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் கதவைத் தட்டாமல் திறந்தாள். அவன் காலை மேஜைமேல் நீட்டிப்போட்டு யாரோ இருவர் செஸ் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மவுஸ் ஒரு கைக்கடிகாரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே விநாடி முள் சுற்றச் சுற்றத் திரையில் அம்பு தானாக அசைந்தது. ஐயா மும்முரமாக வேலை பார்க்கிறார் என்று ஆபீஸ் நம்புவதற்கான ஏற்பாடு. அந்தக் கடிகாரம் அவள் தைத்துச் சம்பாதித்து அவனுக்கு வாங்கிக் கொடுத்தது.

அவன் பதறி எழுந்து உதட்டில் விரல் வைத்தான். “மீட்டிங்...”

“யாருகூட?” என்று போனை நீட்டினாள்.

பார்த்தான். விரல் தானாக இறங்கியது. “வேலையே இல்லம்மா. அந்த ப்ராஜெக்ட எப்பவோ நிறுத்திட்டாங்க. யாரும் எதுவும் கேக்கல. காலண்டர் காலியா இருந்தா எவனாவது புதுசா ஒண்ணத் தலையில கட்டுவான். அதான் அடைச்சு வச்சேன்.”

“ஆபீஸ ஏமாத்துறது உங்க பாடு. என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லணும்னுதான்... அப்படியே பழகிப்போச்சு. சம்பளம் வருதுல்ல? உனக்கு என்ன குறை வச்சேன்?”

அதுவரை அவளுக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது. இதைக் கேட்டதும் நின்றுவிட்டது.

“குழந்தைய தூக்கிட்டு ஓடினேனே அன்னிக்கு, இந்தக் கதவத் தட்டக்கூட பயந்துட்டு ஓடினேன். நீங்க உள்ள சும்மா உக்காந்திருந்தீங்க. நீங்க சும்மா இருக்கறதுக்காக நான் என் வேலைய விட்டேன்.”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. பால்கனிக்குப் போய்க் காய்கிற துணிகளை வாரி எறிந்து, மெஷினைத் தரதரவென்று உள்ளறைக்கு இழுத்துவந்தாள். அவன் ஒரு பக்கம் பிடிக்க வந்தான். “தொடாதீங்க” என்றாள். லேப்டாப் சாப்பாட்டு மேஜைக்குப் போனது. கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். மெஷின் சக்கரம் துருவேறி இறுகியிருந்தது. “புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமே” என்றான் வாசலில் நின்று. எண்ணெய் விட்டு, உள்ளங்கை சிவக்கச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கிரீச்சென்று ஒரு சுற்று வந்தது.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது கிளார்க்குக்குப் போன் செய்தாள். “ஆர்டர எடுத்துக்கறேன் சார். எல்லா வகுப்புக்கும்.” வெகுநாள் கழித்து அவள் குரல் அந்த வீட்டில் தெரு வரைக்கும் கேட்டது.

பழைய துணியில் தைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஷூவைக் கழற்றிச் சத்தம் வராமல் ஓரமாக வைத்தாள். நுனிக்காலில் வந்து, அம்மாவின் காதோரம் வாயை வைத்து என்னவோ சொன்னாள். மெஷின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. நிறுத்தினாள்.

“என்னடி?”

“மெஷின் போடுறியே, அப்பா மீட்டிங்ல இல்லையா?”

“மீட்டிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே நீ சத்தமா பேசலாம் கண்ணு. எங்க, அம்மான்னு கத்து பாப்போம்.”

குழந்தை திரும்பிச் சாப்பாட்டு மேஜையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். “கத்துடா செல்லம்” என்றான் அவனும்.

மகள் மூச்சை இழுத்து, கண்ணை இறுக்கி மூடி, வாயை அகலத் திறந்தாள்.

“அம்மா.”

பக்கத்தில் இருந்தவளுக்கே பாதிதான் கேட்டது.

“இன்னும் சத்தமா.”

“இவ்ளோதான்மா வருது” என்றாள் குழந்தை.