செவலையின் தோல்

அமாவாசை கழிந்த இரண்டாவது சனிக்கிழமை. விடிந்ததும் மகாலட்சுமி டப்பில் ஊறிக்கொண்டிருந்த ஆட்டுத்தோலை அழுத்திப் பார்த்தாள். ஓரம் குழைந்திருந்தது. முதுகுப் பக்கம் இன்னும் தகரம்தான்.

காய்ந்த தோல் பச்சைத்தோல் போல மெத்தென்று ஆனால்தான் உள்பக்கத்து ஜவ்வைச் சுரண்ட முடியும். ஜவ்வு போனால்தான் பதப்படுத்தும் படிகாரம் உள்ளே இறங்கும். ரொம்ப ஊறினாலோ மயிர் கழன்றுவிடும். அவளுக்கு மயிரோடு வேண்டும்.

செவலை என்ற அந்த ஆட்டை மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துவிட்டவள் மகாலட்சுமி. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் மகள் அனு. நேர்ந்துவிட்ட சேதியை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அறுத்த நாளிலிருந்து அனு அம்மாவிடம் பேசுவதில்லை. ஆட்டை வெட்டுகிறவருக்கே தோல் போவதுதான் வழக்கம். மகாலட்சுமி கேட்டு வாங்கி வந்தாள். பதப்படுத்தி அனு கையில் கொடுத்துவிட்டால் பேசிவிடுவாள்.

"நெழல்ல காயவெக்கச் சொன்னனா இல்லியா?"

புருஷன் தேவேந்திரன் பல் துலக்கியபடி டப்பை எட்டிப் பார்த்தான். "நெழல்ல போட்டா தெருவே மூக்கப் புடிக்குது. அதான் மலையடிப் பாறையில விரிச்சேன். ஒரே பகல்ல அப்பளமா காஞ்சிடுச்சில்ல?"

"அப்பளமாத்தான்யா பொரிஞ்சிடுச்சு. சித்திர வெயில்ல பாற மேல போட்டா தோலு வெந்துடாதா? வெந்த தோல்ல தண்ணி எறங்குமா?"

"மொளகா காயுது, வடாம் காயுது. இது மட்டும் இன்னா மகாராணியா?"

"யோவ், போயிடு. வாயக் கெளறாத."

அவன் வாய் கொப்பளிக்கப் போனான்.

இப்போது எடுத்தால் முதுகு விறைப்பு. விட்டால் ஓரத்து மயிர் போகும். தண்ணீரை மாற்றி, உப்பைக் கூட்டி, மேலே கல்லை வைத்து மதியம்வரை விட்டாள். ஊறும் என்று நினைத்தாள் என்பதைவிட, வேறு வழி தெரியவில்லை.

மதியம் தோலைப் பிளாஸ்டிக் குழாய்மேல் போட்டு மொட்டைக் கத்தியால் சுரண்டினாள். ஓரத்தில் ஜவ்வு சுருள் சுருளாக வந்தது. முதுகில் கத்தி வழுக்கியது. அழுத்தினாள். மறுபடி வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்தினாள். படக்கென்று தோல் நடுவில் வெடித்தது. பதறித் திருப்பினாள். பிடித்த இடத்து மயிர் கொத்தாகக் கையோடு வந்தது.

"சனியனே" என்றாள். தோலையா, கத்தியையா, புருஷனையா, அவளுக்கே தெரியாது.

கேட் சத்தம் கேட்டது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அனு வந்தாள். தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டப்பைத் தாண்டிப் போகிறவள், இன்று நின்றாள்.

மகாலட்சுமி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மயிர் புடவையில் ஒட்டிக்கொண்டது.

"கிழிஞ்சத தச்சிடலாம்டி. ஓரத்த வெட்டிட்டா, ஒக்கார்ற அளவுக்கு வரும். ஒனக்குத்தான்."

அனு பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இதையாவது சும்மா வுட மாட்டியாம்மா?"