பாகத்துக்கு வந்த பெட்டி

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த ஆள் சுவரோரம் குனிந்து, ஸ்விட்ச் போர்டில் செருகியிருந்த கறுப்பு அடாப்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து இறுகிப்போயிருந்தது.

“இன்னாம்மா இது, டிவி கேமா? இத்த புடுங்கினாத்தான் பெட்டிக்கு கரன்ட் எடுக்க முடியும்.”

ஹேமலதா எழுந்து போய்த் தானே அதை ஆட்டி ஆட்டிக் கழற்றினாள். போர்டின் மூடி பாதி பெயர்ந்து கூடவே வந்தது. அடாப்டரின் ஒயரைச் சுற்றி, டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியின் மேல் வைத்தாள். பெட்டிக்கு அரக்குப் பட்டுத் துண்டில் ஓர் உறை இருந்தது. ஜவுளிக்கடையில் மிச்சம் வந்த ரவிக்கைத் துண்டைக் கேட்டு வாங்கி, பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்து ஜெகநாதன் தைத்துவைத்த உறை. அவளுக்கு அந்த நிறத்தில் ஒரு ரவிக்கை இருந்ததில்லை.

ஜெகநாதன் கூடத்தின் நடுவில் பாயில் கிடந்தான். விடிகாலையில் தறியில் உட்கார்ந்தவன் நெஞ்சை அடைக்கிறது என்றான், தண்ணீர் கேட்டான். அவள் சொம்போடு வருவதற்குள் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் சாய்ந்திருந்தான். ஆட்டோவில் கொண்டுபோனார்கள், டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து வயது. மகள் சுகன்யா கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெகநாதனின் தாய்மாமன் பச்சையப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொள்ளி வைக்கத் தம்பி வரவேண்டும், ஓசூரிலிருந்து கார் எடுத்துவிட்டான், அவன் வந்ததும் எடுத்துவிடலாம். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது என்று தெருவுக்கே தெரியும்.

தம்பி தமிழ்வாணனுக்குப் போன் போட்டவள் ஹேமலதாதான். செய்தியைச் சொன்னதும் “வர்றேன் அண்ணி” என்றான். குரல் உடைந்திருந்தது.

“வரும்போது அந்த...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“இன்னா அண்ணி?”

“ஒண்ணுமில்ல. நிதானமா வாங்க.”

கேசட்டுகளைக் கொண்டுவா என்று எப்படிச் சொல்வது? புருஷன் செத்துக் கிடக்கும்போது டிவி கேம் கேசட் கேட்டாள் என்றால் ஊர் அவளைப் பைத்தியம் என்று சொல்லும். ஆனால் அவளுக்கு வேறெதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. தமிழ்வாணன் அவற்றை வைத்திருக்க வேண்டும். ஒரு துணிப்பையில் கட்டி, பரண் மேலாவது போட்டுவைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், உள்ளே படுத்திருக்கிறவன் காத்திருந்தது காத்திருந்ததாக ஆகும். இல்லையென்றால் அதற்கு வீம்பு என்றுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அவளே புருஷனோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் அண்ணனும் தம்பியும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆடுவதை அவள் பார்த்திருக்கிறாள். மீசை முளைத்த இரண்டு ஆண்கள், இரண்டு ஹேண்டில். பள்ளிக்கூட லீவு முழுக்கத் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்ததற்காக அவர்கள் அப்பா மெட்ராஸிலிருந்து வாங்கிவந்தது. கேசட்டை எடுத்து வாயால் ஊதிப் போட்டால்தான் படம் வரும். துப்பாக்கி வைத்த இரண்டு பேர் ஓடும் ஆட்டம்தான் அவர்களுக்குப் பிடித்தது. அதில் ஒருவன் பின்தங்கினால் மற்றவன் முன்னே போக முடியாது, திரை நகராது. இதை ஜெகநாதன் அவளுக்கு ஏதோ பெரிய விஷயம்போல விளக்கினான். தம்பிக்கு உயிரெல்லாம் தீர்ந்துபோனால் அண்ணனுடைய உயிரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். “கேக்கவே மாட்டான், எடுத்துப்பான்” என்று சொல்லிச் சிரித்தான்.

தமிழ்வாணனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, ஜெகநாதன் ஒரு வார்த்தை விட்டான். போகிறவன் மொத்தமாகப் போ என்று. அவன் கோபத்தில் சொன்னதைத் தம்பி பிடித்துக்கொண்டான். அப்படியானால் என் பாகத்தைப் பிரித்துக் கொடு என்றான். ஒரே வாரத்தில் பச்சையப்பன் மாமாவை நடுவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினார்கள்.

மாமா நியாயமான மனிதர். ஒரு மனக்குறையும் வரக்கூடாது என்று இரண்டு கூறு போட்டார். இந்தக் கூற்றில் செம்பு அண்டா என்றால் அந்தக் கூற்றில் பித்தளைக் குத்துவிளக்கு. இங்கே தையல் மிஷின், அங்கே மரப் பீரோ. கடைசியில் டிவி கேம். பெட்டியை ஒரு கூற்றில் வைத்தார். கேசட்டுகள் இருந்த பையை இன்னொரு கூற்றில் வைத்தார். சரிக்குச் சரி ஆயிற்று என்று கையைத் தட்டித் தூசியை உதறினார்.

அண்ணன் பார்த்தான். தம்பி பார்த்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் பேசுகிறவன் ஆசைப்பட்டவன் ஆகிவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். ஹேமலதா ஏதோ சொல்ல முன்னே வந்தாள். ஜெகநாதன் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள். சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பெட்டி அண்ணனுக்கு, பை தம்பிக்கு.

கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. தமிழ்வாணன் தன் பாதியை விசைத்தறிக்கார வேலுவுக்கு விற்றுவிட்டுப் போனான். பெட்டி இங்கே டிவியில் மாட்டியபடியே இருந்தது. ஆயுதபூஜைக்குத் தறிக்கும் அதில் குறுக்கே ஓடும் நாடாவுக்கும் பொட்டு வைத்த கையோடு ஜெகநாதன் அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பான். சுகன்யா எட்டாவது படிக்கும்போது தோழியிடமிருந்து ஒரு பழைய கேசட் வாங்கிவந்தாள். பெட்டிக்குப் பொருந்தும் கேசட்தான். அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குன்னு கேசட் இருக்குதும்மா, வரும்” என்று அவள் பையிலேயே போட்டுவிட்டான். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஹேமலதா பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். ஜெகநாதன் அவளைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனான். இருட்டிய பிறகு பெட்டியோடு வந்தான். இரண்டு நாள் அவள் கையால் சாப்பிடவில்லை.

“போன் பண்ணித்தான் கேளேன். உன் தம்பிதானே” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“அவன் எடுத்தாரட்டும்” என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வெயில் சாயத் தொடங்கியபோது கார் தெருமுனையில் நின்றது. தமிழ்வாணன் தனியாக வந்திருந்தான்; பிள்ளைகளுக்குப் பரீட்சை, அதனால் மனைவி லீலா வரவில்லை. தலை நரைத்து, அப்படியே தன் அப்பா சாயலில் இருந்தான். ஹேமலதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஒரு கையில் மாலை. இன்னொரு கையில் துணிப்பை. பை கொஞ்சம் கனமாகத்தான் தொங்கியது.

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு ஃப்ரீசர் பெட்டிமேல் விழுந்து அழுதான். பொய்யழுகை இல்லை. கண்ணாடியைக் கையால் தேய்த்துத் தேய்த்து, அண்ணா அண்ணா என்று சின்னப் பையனைப் போல அழுதான். பெண்கள் புதிதாக அழத் தொடங்கினார்கள். ஹேமலதாவுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. அழுதபடியே அந்தப் பையைப் பார்த்தாள். யாரோ கால் படாமல் அதை ஓரமாக நகர்த்தினார்கள். அதன் வாய் விரிந்தது. ஒரு வேட்டி, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில்.

குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். எடுத்தார்கள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து வந்தபோது கூடம் கழுவி ஈரமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலுவின் மனைவி அபிதகுசாம்பாள் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்வாணன் தலை துவட்டாமல் உட்கார்ந்து டம்ளரை வாங்கினான். பச்சையப்பன் மாமா எதிரில். அவன் கண் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டுக்குப் போனது. உறையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். அந்த நாளில் முதல்முறையாக முகம் மலர்ந்தது.

“அட, இது இன்னும் இருக்குதா அண்ணி?”

“இருக்குது.” அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட இருந்த கேசட்டுங்க?”

“அத்த ஏன் கேக்கிறீங்க. ஓசூர் போன மொத மாசமே நானே ஒரு செட்டு வாங்கிட்டேன். சண்டே ஆனா அதான் வேலை. அப்புறம் பசங்க ஆடி ஆடித் தேய்ச்சுட்டானுங்க. வீடு மாத்தும்போது லீலா மூட்டை கட்டி குப்பையில போட்டுட்டா.”

பச்சையப்பன் மாமா காபியைப் பாதியில் நிறுத்தினார். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தமிழ்வாணன் விளக்கினான். பெட்டி இல்லாமல் கேசட் ஓடாது, கேசட் இல்லாமல் பெட்டி ஓடாது. இவர் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வைத்துவிட்டார். சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மாமா சிரிக்கவில்லை. “எனக்கு இன்னாடா தெரியும். ரெண்டும் தனித்தனி சாமான்னு நெனச்சேன். யாராவது ஒருத்தன் வாயத் தொறந்திருந்தா மாத்தி வெச்சிருப்பேனே.”

“அண்ணன் சொல்வாருன்னு பாத்தேன்” என்றான் தமிழ்வாணன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உறைமேல் கையை ஓட்டினான்.

“அண்ணனும் ஒரு கேசட் வாங்கிகினு இருப்பாரே அண்ணி. பஜார்ல அப்ப சும்மா கெடைச்சுதே.”

ஹேமலதா சுகன்யாவைப் பார்த்தாள். சுகன்யா அம்மாவைப் பார்த்தாள்.

“வாங்கினாரு” என்றாள் ஹேமலதா. “உங்களுது போனா போவுதுன்னு அந்த வாரமே வாங்கியாந்துட்டாரு. தறிய விட்டு எறங்கினா அதான் வேலை. நல்லா ஆடுவாரு.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் மனசிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் இவன் இன்னும் நாலு நாள் தூங்காமல் இருந்திருப்பான். ஆனால் அதற்காக, இல்லாத கேசட்டுக்காகப் பெட்டிக்குப் பொட்டு வைத்தவன் என்று செத்தவனை இவன் முன்னால் நிறுத்த முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் ஞாபகமா இத்த நான் எடுத்துகினு போகட்டுமா? எங்க செட்டும் போயிடுச்சு. இது எங்க அப்பா கையால வாங்கினது. நான் பத்திரமா வெச்சுக்குவேன்.”

கேட்டவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பச்சையப்பன் மாமா, “குடுத்துடும்மா, உனக்கு எதுக்கு அது” என்றார். அவருக்குத் தன் பழைய கணக்குத் தப்பைச் சரிசெய்ய ஒரு வழி கிடைத்தது.

“அது அவரு பாகத்துக்கு வந்தது தம்பி” என்றாள் ஹேமலதா.

சத்தம்போட்டுச் சொல்லவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னாள். அவன் உறையை இழுத்து மூடினான். தவறாமல் நான்கு மூலையையும் சரியாக இழுத்துவிட்டான். சரி அண்ணி என்று எழுந்தான். நாளைக்குப் பால் ஊற்றக் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறேன் என்றான். இங்கேயே படுக்கலாமே என்று அவளும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

அவர்கள் வெளியே போன பிறகு அபிதகுசாம்பாள் டம்ளர்களைப் பொறுக்க வந்தாள். பொறுக்கி முடித்தும் போகாமல் நின்றாள்.

“அக்கா, நாளைக்குச் சரக்கு குடுக்கணும்னு மொதலாளி காலையிலேருந்து போன் போட்டு பேஜார் பண்ணிகினு இருக்காரு. தறி ஓட்டட்டுமான்னு எங்க வூட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு. வேணாம்னா வேணாம்.”

“ஓட்டும்மா” என்றாள் ஹேமலதா. “நீங்க இன்னா பண்ணுவீங்க.”

அவள் போன சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஒவ்வொன்றாகக் கிளம்பியது. சுவர் அதிர்ந்தது. பிறகு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. காருக்குப் பக்கத்தில் தமிழ்வாணன் நின்றிருந்தான், அவனைச் சுற்றி நாலைந்து உறவுக்காரர்கள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வாய் மட்டும் அசைந்தது. பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் இரண்டையும் வேகவேகமாக அமுக்கிக் காட்டினான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

சுகன்யா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.