சாடைக்குத் திரும்பாதவள்

பேரிகை கிராமத்துப் பட்டாளம்மன் கோயில் வாசலில் ரங்கம்மா சூடம் அணைத்துச் சத்தியம் செய்ததை ஊரே நின்று பார்த்தது. எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அழுத்தியபடியே தன் ஓரகத்தி ஜோதிமணியை முகத்தால் காட்டிச் சொன்னாள்.

“இனிமே இவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேச மாட்டேன். பேசுனா எம்புள்ள காவியா எனக்கில்ல.”

“எதுக்கும்மா புள்ள மேல?” என்று பூசாரி கங்கப்பன் பதறினார்.

“புள்ளையாலதான வந்துச்சு?”

அண்ணன் பெண்டாட்டி ரங்கம்மா, தம்பி பெண்டாட்டி ஜோதிமணி. காவியாவுக்கு ஓசூர்க் கம்பெனியில் வேலை தகைந்து, சூளகிரியில் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்த நேரம் அது. பறவைகளைப் பற்றி மேற்படிப்புப் படிக்க நார்வேக்குப் போவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். யாருக்கும் சொல்லாமல் வண்டி வைத்து, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தவள் ஜோதிமணி.

“உம் பையன் பிரேம்குமார மட்டும் கம்பெனி பஸ்ல ஏத்துன. எம்புள்ளைய ஆகாசத்துல ஏத்திட்டியேடி!” என்றதுதான் ரங்கம்மா அவளோடு நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு எல்லாம் சாடைதான். பொதுச்சுவருக்கு இந்தப்பக்கம் ஒரு வீடு, அந்தப்பக்கம் ஒரு வீடு. ஆளைப் பார்த்துப் பேசினால்தானே சத்தியம் முறியும்? கோழியைப் பார்த்துப் பேசினால் அம்மன் என்ன செய்வாள்?

“ஏ கோழி, அடுத்தவூட்டு வாசல்ல போய் மேயாத. புள்ளையவே திருடுறவங்க ஒன்ன உடுவாங்களா?”

அந்தப்பக்கத்திலிருந்து விளக்குமாற்றைப் பார்த்துப் பதில் வரும். “ஏ தொடப்பமே, பெத்துட்டா மட்டும் ஆச்சா? பெத்ததுக்கு ரெக்க இருக்குதான்னு பாக்க வேணாமா?”

காவியா படித்து முடித்து ஒரு சின்னக் கப்பலில் வழிகாட்டியாகச் சேர்ந்தாள். வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் என்று தீவுக் கூட்டம். அதைச் சுற்றிக் காட்டுகிற கப்பல் அது. அங்கே முக்கால்வாசித் தீவுகளில் மனிதர்கள் இல்லை. பறவையும் வால்ரஸும் வெள்ளைக் கரடியும்தான் குடித்தனம். வேலை செய்கிறவர்களின் குடும்பத்தார் இரண்டு பேர் ஒரே அறையில் தங்கி வரலாம் என்று கப்பல்காரர்கள் இடம் கொடுத்தார்கள். “எனக்கு கெலவரப்பள்ளி டேம்ல பரிசலே ஆவாது” என்று அப்பா திம்மப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த இடத்துக்குக் காவியா சின்னம்மாவின் பெயரைப் போட்டாள்.

“அப்ப நீ போவலியா?” என்று திம்மப்பன் பெண்டாட்டியைக் கேட்டார்.

“எவளோ வர்றான்னு நான் எதுக்கு நிக்கணும்? எம்புள்ள. என் கப்பல்.”

கப்பலில் வட்டச் சன்னல் வைத்த ஓர் அறை. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டு கட்டில்கள். அங்கே கோடையில் சூரியன் அடங்குவதே இல்லை. ஆகையால் சண்டைக்கும் அடங்குகிற நேரம் இல்லாமல் போயிற்று.

“ஏ சன்னலே, சிலபேரு கொறட்டைக்கு இந்த ஐஸ் மலையே ஒடையும் போல.”

“ஏ தலவாணி, தூங்காம அடுத்தவ மூச்ச எண்ணிக்கினு இருக்கிறவங்களுக்கு எந்த ஊர்லயும் தூக்கம் வராது.”

கரையிறங்கும் முன்பு காவியா இருவரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். செக்கச் சிவந்த ஜாக்கெட், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் துப்பாக்கி. ரங்கம்மா அந்தத் துப்பாக்கியையே பார்த்தாள். இதுதான் என் சத்தியம் காத்துக் கிடக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை தவறினால் போதும், பனியும் கரடியும் பிள்ளையைச் சுற்றித் தயாராக நிற்கின்றன.

“நல்லா கேளுங்க. செவப்புக் கொடி நட்டிருப்போம். அதுக்குள்ளாறதான் நடக்கணும். கரடி வந்தா ஓடக் கூடாது. நம்ம சானமாவுக் காட்டுல யானை எறங்குனா எப்படி? எல்லாரும் ஒண்ணா, மெதுவா, பின்னால நவுருவோம் இல்ல? அதேதான்.”

“கொடியத் தாண்டி ஒருத்தி போயிட்டா?” என்று ஜோதிமணி கேட்டாள்.

“நான்தான் சின்னம்மா போய்க் கூட்டியாரணும். என் வேலையே அது.”

ரங்கம்மா சட்டென்று பூட்ஸிடம் சொன்னாள்: “ஏ பூட்ஸே, எவளாவது கொடி தாண்டுனா அங்கியே கெடக்கட்டும். எம்புள்ள போவாது.”

தலைமை வழிகாட்டி ஒரு நீளமூக்கு வெள்ளைக்காரர். இந்த அம்மாக்கள் ஏன் பூட்ஸோடும் சன்னலோடும் பேசுகிறார்கள் என்று அவர் காவியாவைக் கேட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாவற்றுக்கும் உயிர் உண்டென்று நம்புவோம், அதனால் பேசுவோம் என்று காவியா அளந்துவிட்டாள். அதைக் கேட்டுக் கண்கலங்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி, மறுநாள் முழுக்கத் தன் தொப்பியோடு பேசிக்கொண்டு திரிந்தாள்.

அவர்கள் இறங்கிய கரையில் ஆலாப் பறவைகள் கூடு வைத்திருந்தன. கூடென்ன கூடு, கூழாங்கல்லுக்கு நடுவில் ஒரு பள்ளம். ஆள் கிட்டே போனால் வானத்திலிருந்து கத்தியைப் போல விழுந்து மண்டையில் கொத்தின. எல்லோரும் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ரங்கம்மாவுக்குப் பறவையைப் பிடித்துப்போயிற்று.

“பாத்தியா ஆலா! உங்குஞ்சு பக்கத்துல எவ வந்தாலும் மண்டையப் பொளக்குற. எனக்கு இந்த வித்த தெரியாமப் போச்சே.”

ஜோதிமணியும் அதே பறவையை அண்ணாந்து பார்த்தாள். “ஏ ஆலா, வருசா வருசம் ஒலகத்தோட தெக்கு மூலைக்கிப் பறந்துட்டு வர்றியாமே. உங்கம்மா எந்தக் கோயில்ல சூடம் அணைச்சா? நீ பாட்டுக்கு நல்லாத்தான இருக்குற?”

ரங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. இதற்குச் சூடாக ஏதாவது கிடைக்காதா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணீரோரம் வால்ரஸ் கூட்டம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. மூட்டை மூட்டையாய் உடம்பு, வாயில் முழநீளத் தந்தம், மாட்டுக்கொட்டகையைத் தோற்கடிக்கிற நாற்றம்.

“ஏ கடல் எருமையே! படுத்துக் கெட, படுத்துக் கெட. புருசன் செத்த வூட்ல கூட எட்டு நாளு படுத்தே கெடந்து, கொழம்புச் சட்டிய எங்கையால கழுவ வச்சவ ஒருத்தி எனக்குத் தெரியும்.”

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கூசியது. ஜோதிமணியின் புருசன் ராஜசேகர் செத்தது சூளகிரி ரோட்டில் லாரி மோதி. அதை இதுவரை சாடையில்கூட ரங்கம்மா தொட்டதில்லை.

ஜோதிமணி குச்சியைக் கீழே போட்டாள். ரங்கம்மாவின் குரல் காதில் விழாத இடம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறவளைப் போல விறுவிறுவென்று நடந்தாள். சிவப்புக் கொடியைத் தாண்டினாள். தாண்டி, பாறைமேட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

மற்றவர்கள் எல்லாம் பறவையைப் பார்த்தார்கள். ரங்கம்மா மட்டும் ஜோதிமணியைப் பார்த்தாள். பகையாளி கண்ணுக்குத் தப்புவது ஏது? அதனால்தான் பாறைமேட்டுக்கு மேலே அழுக்கு மஞ்சளாய்க் கிடந்த பனித்திட்டு ஒன்று எழுந்து நடந்ததை முதலில் கண்டவள் அவளாக இருந்தாள்.

கரடி. தலையைத் தாழ்த்திக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லையில் நடப்பதைப் போல வந்தது.

ரங்கம்மாவுக்கு முதலில் வந்த நினைப்பு காவியாவைக் கூப்பிடுவது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அவள் நேரே அங்கேதான் போவாள். என் வேலையே அது என்று சொன்னவளாயிற்றே. ஜோதிமணி தானாகத் திரும்பி வந்துவிட்டால் யாரும் போக வேண்டாம்.

“ஏ ஆலா!” என்று கத்தினாள். “அங்க நிக்கிறவளத் திரும்பி வரச் சொல்லு! பின்னால என்னா வருதுன்னு பாக்கச் சொல்லு!”

ஜோதிமணி திரும்பவில்லை. “ஏ பாறையே, செத்தவனையும் இழுத்தாச்சு. இன்னும் என்னா பாக்கி வருதாம்?”

“ஏ ஆலா! வெள்ளையா வருதுன்னு சொல்லுடி!”

“ஏ பாறையே, வெள்ளச் சேல கட்டுனவன்னு குத்திக் காட்டுது பாரு. கேட்டுக்க.”

இத்தனை வருடமாய் அந்த வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லிலும் முள் இருந்தது. இன்றைக்கு முள் இல்லாத சொல் வருகிறது என்று ஜோதிமணிக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் கூட்டத்தின் மறுகோடியிலிருந்து காவியா பார்த்துவிட்டாள். கொடிக்கு வெளியே சின்னம்மா. அதற்கு மேலே கரடி. தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினாள். நடக்கத் தொடங்கினாள், கரடி இருந்த திசையில்.

பேசினால் பிள்ளை இல்லை என்று சத்தியம். பேசாவிட்டால் பிள்ளை இதோ போய்க்கொண்டிருக்கிறாள். சத்தியம் பேரிகையில் இருந்தது. கரடி இங்கே இருந்தது.

“ஏய் ஜோதிமணி!”

கோபமோ பயமோ தலைக்கேறினால் ரங்கம்மாவுக்குப் பிறந்தவீட்டுத் தெலுங்கு வந்துவிடும். “ஜோதிமணி! ஒன்னத்தான்டி! இட்ட ராவே! எடுபட்டவளே, இங்க வாடி!”

ஜோதிமணி திரும்பினாள். கரடியை அவள் பார்க்கவே இல்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் முகத்தைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ரங்கம்மா மட்டும்தான்.

“என்னையா? என்னையா கூப்ட்ட?” ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு கிடுகிடுவென்று வந்தாள். “பேசிட்டியா! பேசிட்டியாடி! இப்ப எங்க போச்சு உஞ்சூடம்? எங்க போச்சு உன் சத்தியம்?”

“வா, வந்து கேளு! இன்னும் கிட்ட வந்து கேளுடி!”

“வராம? மூஞ்சிக்கி நேராக் கேக்கத்தான வரேன்!”

ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. காவியா பாடம் நடத்தியதைவிட ஒழுங்காக, வெறும் வஞ்சத்தாலேயே நடந்து கொடிக்குள் வந்து சேர்ந்தாள். காவியா அந்த இடத்திலேயே நின்று, வெளிச்சக் குண்டு ஒன்றை வானத்தில் சுட்டாள். வெடிச்சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தபோதுதான் ஜோதிமணி கரடியைக் கண்டாள். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. கரடி மூக்கைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, இதுகளோடு நமக்கென்ன என்று மேட்டின் அந்தப்பக்கம் இறங்கிப் போயிற்று.

எல்லோரும் ரப்பர் படகுக்குப் பின்வாங்கினார்கள். படகில் ஜோதிமணிக்குப் பல் கிட்டித்தது. ஆனாலும் சொன்னாள். “பேசுனது நீதான். தோத்தது நீதான்.”

ரங்கம்மா மகளின் ஜாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். “காவியா, ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

“எனக்கென்னம்மா? எனக்கு வேல போவாம இருந்தாச் சரி. ரெண்டு பேரும் இனிமே கப்பல உட்டு எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

மிச்ச நாளெல்லாம் ஒரே அறைதான். மற்றவர்கள் திமிங்கிலம் பார்க்கப் போனார்கள். இவர்கள் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்தார்கள்.

ஊருக்கு வந்ததும் ரங்கம்மா நேரே பூசாரியிடம் போனாள். காவியா அங்கேயே கப்பலில் இருந்தாள். போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் ரங்கம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கங்கப்பன் சொன்னார்: “சத்தியத்த முறிச்சிட்ட. எறக்கி வைக்கணும்னா யார் மேல கோவமோ அவங்களும் கூட வந்து சூடம் ஏத்தணும்.”

“அவ வருவாளா?”

“அத எங்கிட்ட கேட்டா?”

ரங்கம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். ஜோதிமணி வாசலில் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஜோதிமணி.”

ஜோதிமணி தலையைத் தூக்காமல் இன்னொரு காயைக் கிள்ளினாள்.

“கோயிலுக்கு வா. காவியாவுக்காக.”

“கேக்குற மொற இதுவா?”

“வேற எப்படிடி கேக்குறது? கால்ல உழணுமா?”

“எம்புருசனப் பத்திப் பேசுன வாயால கேளு.”

“பேசுனது தப்பு. சனியன் புடிச்ச வாயி. வா.”

ஜோதிமணி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

அம்மன் முன்னால் இருவரும் ஒரே தட்டைப் பிடித்துச் சூடம் ஏற்றினார்கள். கங்கப்பன் மணியடித்து, “எறங்கிருச்சு, புள்ள மேல இருந்து எறங்கிருச்சு” என்றார். ரங்கம்மா கண்ணை மூடி மூச்சுவிட்டாள். மூடிய கண்ணைத் திறந்தபோது ஜோதிமணியின் உள்ளங்கை சூடத்தின் மேல் இருந்தது. புகை வந்தது. நெருப்பு அணைந்தது.

“இனிமே இவகூட நான் பேச மாட்டேன். பேசுனா எனக்கு ஆவுறது ஆவட்டும்.” கையை எடுத்து, கரியைச் சேலையில் துடைத்தாள். “எம்மேல சத்தியம் பூசாரி, எழுதிக்கோ. புள்ளைங்க தலைய இழுக்கிற பழக்கம் எங்கிட்ட இல்ல.”

ரங்கம்மாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஜோதிமணி படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள்.

“ஏய் ஜோதிமணி! எஞ்செருப்ப மாட்டிக்கினு போறடி!”

ஜோதிமணி நிற்கவில்லை. வேலியோரம் தழை தின்றுகொண்டிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏ ஆடு, தெரிஞ்சுதான் போறேன்னு சொல்லு.”