செங்கல் மேல் ஓடிய கார்

மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்திருந்ததால் நாலு சக்கரமும் காற்றில் சுற்றின. வெள்ளைப் புகையும் விளக்கெண்ணெய் வாடையும் எங்கள் ரைஸ்மில் களம் முழுக்கப் பரவின. வெள்ளிக்கிழமை, மில்லுக்கு லீவு. நெல் காயப்போடுகிற அந்தச் சிமெண்டுத் தளத்தை விட்டால் கம்பம் ஊரில் இந்தக் காரை ஓட்ட வேறு இடம் கிடையாது.

ஷார்ஜாவில் ரிமோட் கார் கடையில்தான் எனக்கு வேலை. பேட்டரி பொம்மை இல்லை, நைட்ரோ எண்ணெய் குடிக்கிற நிஜ இன்ஜின்; முன்சக்கரத்தைத் திருப்ப மட்டும் ஒரு சின்ன பேட்டரி. யார் வீட்டுப் பிள்ளைக்கோ கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, சத்தம் சீரானதும் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வரும்போது எனக்கென்று ஒன்று வாங்கி வந்தேன். எண்ணெயை விமானத்தில் ஏற்றவிடவில்லை. கோயம்புத்தூரில் ஒருவரிடம் ஒரு கேன் கிடைக்கும்வரை கார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

என் பாஸ்போர்ட் அத்தாவின் பீரோவில் கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தவர், கல்யாணம் முடிந்ததும் நெல் வரத்து முடியட்டும் என்றார். பிறகு மில்லுக்குப் புது மோட்டார் வரட்டும் என்றார். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செல்லாது. அது அடுத்த வாரத்தோடு முடிகிறது. அதட்டுகிற தகப்பனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவரோ சாப்பிடும்போது தன் தட்டுக் கறியை எடுத்து என் தட்டில் வைப்பார். எனக்கு மூச்சு முட்டியது. இன்றைக்குக் கேட்டுவிடுவதென்று இருந்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து நேராகக் களத்துக்கு வந்த அத்தா, தொப்பியைக் கழற்றாமலே காரைச் சுற்றி வந்தார்.

"போகாத காருக்கு எதுக்குப்பா இம்புட்டுச் சத்தம்?"

புது இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது, முதல் இரண்டு டேங்க் நின்ற இடத்திலேயே ஓடித் தீர வேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டு நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். இரண்டாவது டேங்கும் தீர்ந்து, இன்ஜின் ஆறும்வரை பொறுமையாக இருந்தார். மறுபடி எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்து தரையில் இறக்கினேன். ரிமோட்டை எடுப்பதற்குள் அத்தா கையை நீட்டிவிட்டார். பழக்கதோஷம், கொடுத்துவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, சீக்கிரமே பிடித்துக்கொண்டார். களத்தின் ஓரம்வரை விட்டு, விளிம்பில் வளைத்துத் திருப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனசில்லை, இருந்தாலும் கேட்டேன்.

"அத்தா, பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுங்க. திங்கக்கிழமை கெளம்புனாத்தான் சரியா இருக்கும்."

கண்ணைக் காரிலிருந்து எடுக்கவில்லை.

"ஒன் கடைக்கார தலச்சேரியாருகிட்ட போன வாரமே போன்ல பேசிட்டேன் இத்ரீசு. அவன் இனி வரமாட்டான், வேற ஆளு வச்சுக்கங்கன்னு. சரின்னுட்டாக. தங்கமான மனுசரு."

ஏலக்காய் வியாபாரத்துக்குக் குமுளி போய்வந்த காலத்தில் அத்தா கற்ற மலையாளம். அதில் எத்தனை நயமாகப் பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கடைக்காரருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியிருக்காது.

திடீரென்று இன்ஜின் சத்தம் ஏறியது. கார் கேட்டைப் பார்த்துப் பறந்தது.

"பாத்தியாப்பா, இப்பத்தான் வேகம் எடுக்குது," என்று சிரித்தார்.

எண்ணெய் தீருகிற நேரத்தில்தான் இந்த இன்ஜின் அப்படிக் கத்தும். நான் சொல்லவில்லை. கேட்டடியில் போய் அணைந்து நின்றது. வெளியே குமுளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

எடுத்துவரச் சொன்னார். போனேன். இன்ஜின் கொதித்தது, கைலி முனையைச் சுருட்டிப் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. களத்தின் அந்தக் கோடியில் அத்தா இன்னும் ரிமோட்டைத் திருகிக்கொண்டிருந்தார். என் கைக்குள் காரின் முன்சக்கரம் இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, மறுபடி இடது பக்கம் திரும்பியது.