வேணி பேரில் ஒரு ஃபோல்டர்

வேணி என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம்தான். அதை அவள் கேட்ட மாதிரியே செய்து தொலைத்திருந்தால், இன்று காலை கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் அவள் பக்கத்தில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றியிருந்தேன். எனக்கு, என் மனைவி வேணிக்கு, தம்பி குமரகுருபரனுக்கு என்று ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எல்லாருக்கும் மேலே ரூட் என்று ஒரு பெரிய ஆள் உண்டு. அவன் எதையும் திறக்கலாம், அழிக்கலாம். அந்தப் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். எனக்கு அதில் கொஞ்சம் கொழுப்புதான்.

வேணி எம்.ஃபில். பண்ணுகிறாள், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் பெண்களைப் பற்றி. அவர்கள் பேசுவதைக் கேசட்டில் பதிந்து வந்து கம்ப்யூட்டரில் அடிப்பாள். அடித்து முடித்ததும் அதே கேசட்டில் அடுத்த ஆளைப் பதிவாள். புதுசு வாங்க அவளுக்கு மனசு வராது. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

போன வாரம் அவள் ஃபைல்களை நான் ரூட்டாக இருந்தபடியே காப்பி எடுத்து வேறு இடத்துக்கு மாற்றினேன். அதோடு அவை ரூட்டின் சொத்தாகிவிட்டன. தான் எழுதியதைத் தானே திருத்தி சேவ் பண்ண அவளால் முடியவில்லை.

"அனுமதி இல்லைன்னு வருது. என் பேருக்கே மாத்திக் குடுங்களேன்" என்றாள்.

ஒரு வரி கமாண்டு, அவ்வளவுதான். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல்.

"ஒரே வீட்டுக்குள்ள என்னட்டி உன் பேரு, என் பேரு? இங்கன என்ன வேத்தாளா இருக்கு?" என்று கத்திவிட்டு, அந்த ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று திறந்துவிட்டேன்.

பாட்டு ஏற்ற இடம் போதாமல், ஏதோ பழைய குப்பை என்று தம்பி அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டான். ஐயோ! முதல் அத்தியாயங்கள் ஃபிளாப்பியில் தப்பின. அந்தப் பெண்கள் பேசியதில் ஒரு வரி மிச்சமில்லை.

"ஏலே, அறிவிருக்கா ஒனக்கு? தொடுததுக்கு முன்ன ஒரு வார்த்த கேக்கணும்லா?" என்று நான் குதித்தேன்.

"மன்னிச்சிருங்க மதினி, தெரியாம செஞ்சிட்டேன்" என்றான் அவன், அழாத குறையாக.

"அவனைத் திட்டாதீங்க. அழிக்க முடிஞ்சதாலதான அழிச்சான்" என்றாள் வேணி.

எனக்குச் சுருக்கென்றது. அதைத் திறந்துபோட்டது நான்தான் என்று தம்பியிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

போனதையெல்லாம் மறுபடி பதிய, கல்லிடைக்குறிச்சியில் முதலில் இசக்கியம்மா வீட்டுக்குப் போனோம். முற்றத்துப் பாயில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் குழவியைக் கீழே வைத்துவிட்டு வேணியைப் பார்த்தாள்.

"எல்லாந்தான் போன தடவயே சொன்னேனே தாயி. எம் மவ பிரசவத்துல போனத ஒருக்க சொன்னதுக்கே எனக்கு நாலு நாளு சோறு எறங்கல. மறுபடியும் சொல்லச் சொல்லுதியளே."

"நாந்தான் கவனமில்லாமத் தொலைச்சிட்டேன்க்கா. என் தப்புதான். முடியலன்னா வேண்டாம்" என்றாள் வேணி.

'அவள் தொலைக்கவில்லை, நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இவுக யாரு?"

"எங்க வீட்டுக்காரங்க. ஒத்தாசைக்கு வந்திருக்காங்க."

"நல்லாருக்கட்டும். பொண்டாட்டி வேலைக்குக் கூட வார ஆம்பள எங்க இருக்கான்?" என்று எனக்கு ஒரு பலகையை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். வாயெடுத்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

இசக்கியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வேணி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். டேப் ரெக்கார்டர் என் மடியில் இருந்தது. பட்டனை அழுத்தினேன். அந்த அம்மாள் தன் மகளைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.